நெல் முளைக்கும்போது சர்க்கரை செய்யும் வேலை

ஆவணி, புரட்டாசி மாதங்களில் பாத்தியிற் பதித்த பனங்கொட்டை முளைவிட்ட பின்னர் அதனை அரிவாளால் பிளந்து பார்த்தால், ஓட்டினுள்ளே பஞ்சு போன்ற வெண்மையானதொரு பண்டம் நிறைந்திருக்கக் காணலாம். இதனைத் தவுண் என்றும் பூரான் என்றும் வழங்குவர். சிறுவர்கள் இதனை விரும்பி உண்பது இதன் இனிப்பைக் கருதியேயாம். நுங்காக இருந்தபோது குழைவாயிருந்த உட்பருப்பு, கொட்டை முற்றியபோது கல்லைப்போல் இறுகிற்று. கொட்டை முளைக்கத் தொடங்கியதும் அந்தக் கல்லே சிறிது சிறிதாகக் கரைந்து, சர்க்கரையாக மாறித் தவுணை வந்தடைகிறது. தவுணின் வழியே முளைக்குச் செல்கிறது. முளைகட்டிய கேழ்வரகை உலர்த்தி அரைத்த மாவு இனிப்பாக இருப்பதும், முளைவந்த நெல்லை மென்றால் நாவில் இனிப்புத் தட்டுவதும் இவ்வாறு விதையின் கெட்டிப் பண்டம் சர்க்கரையாக மாறுவதனால்தான்.

விதை முளைப்பது, ஈரம் பட்டதும் தானாக நேர்வதொரு காரியம் என்று பொதுவாக எண்ணப்படுகிறது. உண்மையில், விதையினுள் அடங்கியுள்ள மாப்பொருள் எவ்வளவு விரைவில் சர்க்கரையாகிறது, அச்சர்க்கரை எந்த உறுப்புக்குப் போய்ச் சேருகிறது, அது சிக்கனமாகச் செலவாகிறதா அல்லது வீணாகிறதா என்பவற்றைப் பொறுத்தே நாற்றின் பிழைப்பு அமைகிறது. விதையை ஊறவைத்தல், மூட்டம் போடுதல், விதைத்த வயலின் நீரை வடித்தல் ஆகிய பழைய வழக்கங்கள் யாவும் இச்சர்க்கரையின் வரவு செலவைச் சீர்ப்படுத்தும் முறைகளேயாம்.

காவிரிக் கடைமடைப் பகுதிகளில் நேரடி விதைப்பு பெருகியுள்ள இக்காலத்தில் இவ்விஷயத்தை அறிந்துகொள்வது மிகவும் அவசியமாகின்றது. நாற்றங்கால் சிறிய இடம். அங்கே தேங்கிய நீரை ஓராள் ஒரு நாளில் வடித்துவிடலாம். வயல் முழுவதும் நேராக விதைத்த பின்னர் இரண்டு மூன்று நாட்களுக்குள் பெருமழை பிடித்துக்கொண்டால், ஏக்கர் ஏக்கராக விதை நீரின் கீழ் அகப்பட்டு அழுகிவிடுகிறது. விதைநெல்லின் விலையும், உழவுக் கூலியும், பருவமும் ஒருங்கே நஷ்டமாகின்றன.

விதையிலுள்ள கையிருப்பு

நெல்மணியின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. உமியை நீக்கினால் வெளிப்படும் அரிசியின் அடிமுனையில் ஓரமாகச் சிறு புள்ளி போலக் காணப்படுவதே கருவாகும். அரிசியின் எடையில் இது நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான். வேரும் குருத்தும் இதனுள்ளேயே மடங்கிக் கிடக்கின்றன. எஞ்சியதில் மிகப் பெரும்பகுதி மாப்பொருள். இந்த மாப்பகுதியைச் சுற்றிலும் மெல்லியதொரு தோல் போர்த்தியிருக்கிறது. இதற்கு அலூரோன் படலம் என்று பெயர். அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு கழிந்து போவது இதுவே. கருவுக்கும் மாப்பகுதிக்கும் இடையில் கேடயம் போன்ற தட்டையான ஓர் உறுப்பு உண்டு. பனங்கொட்டைக்குத் தவுண் எதுவோ, நெல்லுக்குக் கேடயம் அதுவாகும். மாப்பகுதியிலிருந்து வரும் உணவை உறிஞ்சி முளைக்கு அனுப்புவது இதன் தொழில்.

சன்னரக நெல்லில் ஆயிரம் மணிகள் 20 கிராம் எடையுள்ளன என்று கொண்டால், ஒரு மணியின் எடை 20 மில்லிகிராம் ஆகும். உமி போக 16 மில்லிகிராம் நிற்கும். அதில் முக்கால் பங்கு மாப்பொருளென்று வைத்தால், 12 மில்லிகிராம் ஆகிறது. நாற்றானது மூன்றாம் இலையை விரித்து, சூரிய வெளிச்சத்தைக் கொண்டு தன் உணவைத் தானே முழுவதும் ஆக்கிக்கொள்ளும் வரையில், வேர், குருத்து, இலை யாவற்றுக்கும் பெரும்பாலும் இந்த 12 மில்லிகிராமே முதல். இம்முதலில் ஏற்படும் குறையை எந்த உரத்தாலும் நிரப்ப இயலாது.

கருவினுள்ளேயும் சிறிதளவு சர்க்கரை முன்னதாகவே சேர்ந்திருக்கிறது. கரும்பில் உள்ள சுக்ரோஸும், ராஃபினோஸ் என்னும் மற்றொரு சர்க்கரையும் அவையாகும். கதிர் முற்றி விதை உலரும்போது, கருவின் உயிரணுக்கள் சிதையாமல் காப்பதற்கு இவை உதவுகின்றன. ஊறிய விதை முதற்சில மணி நேரம் சுவாசிப்பதற்கும், முளைவேர் உமியைப் பிளந்து வெளிவருவதற்கும் பெரும்பாலும் செலவாவது இச்சர்க்கரையே. மாப்பகுதியிலுள்ள பெரிய இருப்பு கரையத் தொடங்குவது அதற்குப் பின்னர்தான். விதைநெல்லில் ஈரம் நூற்றுக்கு 13-க்கு மேற்படலாகாது என்று விதிக்கப்பட்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஈரமுள்ள விதை, குதிரிலும் மூட்டையிலும் கிடக்கும்போதே மிகுதியாகச் சுவாசித்துத் தன் சேமிப்பைச் செலவழித்துவிடுகிறது. அதன் உயிரும் நாளுக்கு நாள் தளர்கிறது.

மாப்பொருள் சர்க்கரையாகும் விதம்

மாப்பொருள் குளிர்ந்த நீரிற் கரைவதில்லை. குளுகோஸ் என்னும் சர்க்கரையின் துணுக்குகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு சங்கிலியாக அமைந்ததே மாப்பொருள். கரையாத பண்டம் உயிரணுக்களுக்குள் புக முடியாது. ஆகையால் சங்கிலி முதலில் அறுக்கப்பட வேண்டும்.

இதனை அறுக்கும் பொருள் முளைவந்த தானியத்தில் உண்டென்பதை 1833-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்தைச் சேர்ந்த பாயன், பெர்சோ என்னும் இரு ரசாயன சாஸ்திரிகள் கண்டறிந்தனர். முளைகட்டிய வாற்கோதுமையிலிருந்து அவர்கள் பிரித்தெடுத்து டயஸ்டேஸ் என்று பெயரிட்ட அப்பொருளே, என்ஸைம் எனப்படும் நொதிகளுள் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது. அதில் அடங்கியவற்றுள் முக்கியமானது இன்று அமைலேஸ் என்று வழங்கப்படுகிறது. தானியத்தின் அலூரோன் படலமே இந்நொதியைச் சுரக்கின்றது என்பதை 1890-ல் ஹாபர்லாண்ட் என்னும் தாவர சாஸ்திரி எடுத்துக்காட்டினார். நெல்லில் முதற்சுரப்புக் கேடயத்தின் ஓரத்தில் தொடங்கி, பின்னர் படலம் முழுவதும் பரவுகிறது.

அலூரோன் படலத்துக்குச் சுரக்கும்படி சொல்வது யார் என்னும் கேள்விக்கு விடை, நெற்பயிரின் நோயொன்றிலிருந்து கிடைத்தது. நாற்றுக்கள் வெளிறி அளவுக்கு மிஞ்சி நெடிதாக வளர்ந்து பின்னர் மடிந்துபோகும் அந்நோயை ஜப்பானியர், மதிகெட்ட நாற்று என்னும் பொருள்படப் பக்கானே என்று அழைத்தனர். 1926-ல் தைவான் தீவில் குரோசாவா என்னும் ஆராய்ச்சியாளர், நோய்ப் பூசணம் வளர்ந்த திரவத்தைப் பூசணம் நீங்க வடிகட்டி நல்ல நாற்றுக்களுக்கு இட்டார். அவையும் அவ்வாறே நெடிது வளர்ந்தன. அத்திரவத்திலிருந்த பொருளுக்கு 1935-ல் யாபுத்தா என்பவர் ஜிப்பரலின் என்று பெயரிட்டார். நோயற்ற செடிகளும் தமக்கு வேண்டிய அளவில் ஜிப்பரலினை உண்டாக்கிக்கொள்கின்றன என்பது பின்னர் தெரியவந்தது. கரு நீக்கப்பட்ட வாற்கோதுமை அரைமணிக்கு ஜிப்பரலினை இட்டாலே, கரு இருந்தாற்போல அதன் மாப்பொருள் சர்க்கரையாகின்றது என்பதை 1960-ல் ஜப்பானில் யோமோவும், ஆஸ்திரேலியாவில் பாலெக்கும் தனித்தனியே வெளியிட்டனர். ஆகவே, ஊறிய கரு ஜிப்பரலினை அனுப்புகிறது. அது பெற்ற படலம் அமைலேஸைச் சுரக்கிறது. அமைலேஸும் பிற நொதிகளும் மாப்பொருளை அறுத்துக் குளுகோஸாக்குகின்றன. கேடயம் இக்குளுகோஸை உறிஞ்சி, தொலைவுக்கு அனுப்புவதற்கேற்ற சுக்ரோஸாக மாற்றி, வேருக்கும் குருத்துக்கும் செலுத்துகிறது.

உயிரணுக்களில் சர்க்கரையின் நான்கு வேலைகள்

வளரும் இடத்தை அடைந்த சுக்ரோஸ், மறுபடியும் குளுகோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிரிக்கப்படுகிறது. அங்கு அது செய்யும் வேலைகள் நான்கு.

முதலாவது, எரிபொருளாதல். உயிரணு சர்க்கரையைப் பிராணவாயுவின் துணையால் எரித்து வேண்டிய சக்தியைப் பெறுகிறது.

இரண்டாவது, கட்டடச் சாமானாதல். ஒவ்வோர் உயிரணுவைச் சுற்றிலும் செல்லுலோஸ் என்னும் நாரினாலான சுவர் உண்டு. பருத்தி நூலும் இச்செல்லுலோஸே. குளுகோஸை வேறு விதமாகக் கோத்தால் செல்லுலோஸ் ஆகிறது. புதிய உயிரணு உண்டாவதற்கும், இருக்கும் உயிரணு நீளுவதற்கும் சுவர் கட்டச் சர்க்கரை வேண்டும்.

மூன்றாவது, நீரை இழுத்தல். ஊறுகாய்க்கு உப்பிட்ட மாங்காயிலிருந்து நீர் வெளிவருவதை யாவரும் கண்டிருப்பர். கரைந்த பொருள் மிகுந்த பக்கம் நோக்கி நீர் செல்வதே அதற்குக் காரணம். உயிரணுவினுள் சர்க்கரை கரைந்து மிகுந்தால் வெளியிலுள்ள நீர் உட்புகுந்து, காற்றடைத்த தோற்பையைப் போல அதனை விம்மச் செய்கிறது. அச்சமயம் சுவர் சற்று நெகிழ்ந்து கொடுக்குமாயின் உயிரணு நீளுகிறது. முளைவேர் உமியைப் பிளந்து வெளிப்படுவதும், குருத்து மண்ணை நெம்பிக்கொண்டு மேலே வருவதும் இவ்விம்மலின் பலத்தாலேயே. தொடக்கத்தில் முளை பெரிதாவது, முன்னரே இருக்கும் உயிரணுக்கள் நீளுவதனால். அவை பிரிந்து பிரிந்து பெருகுவது அதனையடுத்து நிகழ்கிறது.

நான்காவது, செய்தி சொல்லுதல். இது அண்மைக் காலத்தில் விளங்கியது. சர்க்கரை எவ்வளவு கைவசம் உள்ளது என்பதை உயிரணு அளந்தறிந்து, அதற்கேற்ப வளர்ச்சியை முடுக்கவும் நிறுத்தவும் செய்கிறது. ஹெக்ஸோகைனேஸ் என்னும் நொதி குளுகோஸை எரிப்பதற்கு ஆயத்தஞ் செய்வது. அவ்வேலை செய்யும் திறனை மட்டும் நீக்கிவிட்ட பிறகும் அது குளுகோஸின் இருப்பை அறிவித்துக்கொண்டிருந்தது என்பது, கடுகினத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்னும் சிறு செடியில் 2003-ல் மெய்ப்பிக்கப்பட்டது. 2013-ல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், அதே செடியின் நாற்றுக்களில் விதையின் சேமிப்புத் தீர்ந்து, இலையும் போதிய உணவு ஆக்காத நிலையில், வேர்நுனியில் உயிரணுக்கள் பிரிவது நின்றுபோயிற்று. குளுகோஸ் கொடுத்ததும் அவை மீண்டும் பிரியத் தொடங்கின. டார் என்னும் புரதம் இச்செய்தியைப் பெற்று வேர்நுனியை எழுப்புகிறது என்று அதில் காட்டப்பட்டது.

சர்க்கரை மிகுந்தால்

வளர்ச்சிக்குச் சர்க்கரை வேண்டுமென்றால், விதையைச் சர்க்கரை நீரிலேயே ஊறவைக்கலாமே என்று எண்ணத் தோன்றும். அது தவறு. செறிந்த சர்க்கரைக் கரைசலில் இட்ட விதைக்கு, முதலாவதாக, நீரை உறிஞ்சுவதே அரிதாகின்றது. உப்பிட்ட மாங்காயின் நிலைமைதான். இரண்டாவதாக, வெளியிலிருந்து வந்த மிகுதியான குளுகோஸ், முளைப்பைத் தடுக்கும் அப்ஸிசிக் அமிலம் என்னும் பொருள் விதையில் குறையாதவாறு செய்து முளைப்பைத் தாமதப்படுத்துகிறது. இது நெல்விதையிலேயே சோதித்துக் காணப்பட்டுள்ளது. நுண்ணுயிர் உரத்தை விதையின்மேல் ஒட்டச் செய்வதற்காக வடிகஞ்சியையோ வெல்லக் கரைசலையோ சிறிதளவு தெளித்துப் புரட்டி உடனே விதைப்பது வேறு, அதனால் தீங்கில்லை.

மாப்பொருள் கரைவதையும் சர்க்கரையே ஒழுங்குபடுத்துகிறது. 1991-ல் தைவானில் சூ-மே யூ என்னும் அம்மையாரும் அவருடைய துணைவர்களும் வெளியிட்ட ஆராய்ச்சியில், நெல்லின் உயிரணுக்களைத் திரவத்தில் வளர்த்தபோது, சர்க்கரை தீர்ந்ததும் அவை அமைலேஸை மிகுதியாக உண்டாக்கின. சர்க்கரை நிறைந்திருந்தபோது அது அடங்கியிருந்தது. பசித்த முளைக்குக் களஞ்சியம் திறக்கப்படுகிறது. நிறைவு பெற்றதும் கதவு சாத்தப்படுகிறது. இதனால் நெல்லின் களஞ்சியத்தைத் திறக்க இரண்டு வழிகள் உண்டென்றாகிறது: ஒன்று, கரு அனுப்பும் ஜிப்பரலின், மற்றொன்று, சர்க்கரைப் பசி.

நீரின் கீழ் அகப்பட்ட விதை

இவ்விரண்டாம் வழியே வெள்ளத்தில் நெல்லைக் காப்பாற்றுகிறது. தேங்கிய நீரில் பிராணவாயு மிகக் குறைவு. சேற்றினுள் அதனினும் குறைவு. ஜிப்பரலின் உண்டாவதற்குப் பிராணவாயு வேண்டுமாதலால், முதல் வழி அங்கே அடைபட்டுப் போகிறது. கோதுமையும் வாற்கோதுமையும் பிராணவாயு இல்லாதவிடத்தில் அமைலேஸை உண்டாக்க மாட்டா. மாப்பொருள் நிறைந்திருந்தும் பசியால் மடிகின்றன. நெல்லோ, சர்க்கரைப் பசியின் தூண்டுதலால் அமைலேஸை உண்டாக்கி, நீரின் கீழும் முளைவிடுகிறது. தானியங்களுள் இது நெல்லுக்குரிய அரிய குணம்.

ஆயினும் இதற்குக் கொடுக்கும் விலை பெரிது. பிராணவாயு உள்ளபோது ஒரு குளுகோஸிலிருந்து ஏறக்குறைய 30 பங்கு சக்தி கிடைக்குமானால், அஃதில்லாமல் கள்ளைப்போலப் புளிக்கச் செய்து பெறும்போது 2 பங்கே கிடைக்கிறது. சாராயச் சத்தும் கரியமிலவாயுவுமாக மீதி கழிந்துபோகிறது. பதினைந்து நாள் ஒரு குடும்பத்தை நடத்தக்கூடிய பணம் ஒரே நாளில் தீர்ந்துபோவதற்கு இது ஒப்பாகும். முன்னே கணக்கிட்ட 12 மில்லிகிராமும் இவ்வாறு வேகமாகக் கரைகிறது.

இந்நெருக்கடியில் நெல்விதை வேருக்குச் செலவழிப்பதில்லை. குருத்தைச் சுற்றியுள்ள முளையுறை என்னும் வெண்ணிறக் குழலை மட்டும் நீட்டுகிறது. இக்குழலின் வளர்ச்சி பெரும்பாலும் உயிரணுக்கள் நீளுவதனாலேயே ஆவது. சிறிது சர்க்கரையும் வேண்டிய நீரும் இருந்தால் போதும். குழலின் நுனி நீர்மட்டத்தை எட்டிவிட்டால், அதன் வழியே காற்று கீழே இறங்கும். பின்னர் வேரும் இலையும் புறப்படும். எட்டுமுன் கையிருப்புத் தீர்ந்தால் விதை அழுகும். ஆகவே தண்ணீரின் ஆழம், தேங்கும் நாட்கள், மணியின் பருமன், சர்க்கரை கிடைக்கும் வேகம் ஆகிய நான்கும் சேர்ந்து நாற்றின் பிழைப்பைத் தீர்மானிக்கின்றன.

பிலிப்பைன்ஸ் தேசத்திலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தினர் எட்டாயிரத்துக்கு மேற்பட்ட நெல்வகைகளை நீரின் கீழ் முளைக்கவைத்துப் பார்த்தனர். அவற்றுள் மிகச் சிலவே தேறின. மியான்மார் நாட்டைச் சேர்ந்த காவ் லான் ஆன் என்னும் வகை அவற்றுள் ஒன்று. இதன் சிறப்புக்குக் காரணமான மரபணு 2015-ல் வெளியிடப்பட்டது. உயிரணுவில் சுக்ரோஸ் எவ்வளவு உள்ளது என்பதைத் தெரிவிக்கும் இருப்புச்சீட்டுப் போல ட்ரீஹலோஸ்-6-பாஸ்பேட் என்னும் பொருள் இயங்குகிறது. இம்மரபணு உண்டாக்கும் நொதி அச்சீட்டைக் குறைத்துவிடுகிறது. அதனால் முளையுறை தன்னிடம் சர்க்கரை குறைவு என்று கொண்டு, களஞ்சியத்திலிருந்து மேலும் மேலும் வரவழைத்து விரைந்து நீளுகிறது. பரவலாகப் பயிரிடப்பெற்ற ஐ.ஆர். 64 ரகத்தில் இம்மரபணு இல்லை. கலப்பினால் அதில் இதனைச் சேர்த்தபோது நீரின் கீழ் முளைக்கும் திறன் உயர்ந்தது.

இவ்விடத்தில் ஒரு பொதுவான மயக்கத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். ஸ்வர்ணா சப்-1, சி.ஆர். 1009 சப்-1 ஆகியவை வெள்ளந்தாங்கும் ரகங்கள் எனப் பெயர் பெற்றவை. இவை தாங்குவது வளர்ந்த பயிர் மூழ்கிக் கிடக்கும் வெள்ளத்தையே. இவற்றிலுள்ள சப்-1 மரபணு, மூழ்கிய பயிர் நீளாமல் அடங்கிக் கிடந்து சர்க்கரையை மிச்சப்படுத்தும்படி செய்கிறது. வெள்ளம் வடிந்ததும் மிச்சத்தைக்கொண்டு பயிர் துளிர்க்கிறது. முளைக்கும் விதைக்கு வேண்டியதோ அதற்கு நேர்மாறு: சர்க்கரையை விரைந்து செலவழித்துக் காற்றை எட்டவேண்டும். ஆகையால் சப்-1 ரகம் என்ற நம்பிக்கையில், விதைத்த வயலில் நீர் தேங்கவிடுவது தகாது.

குடியானவர்கள் கவனிக்க வேண்டியவை

கையிருப்பு நிறைந்த மணியே விதைக்கு ஏற்றது. 10 லிட்டர் நீரில் ஒரு புதிய கோழிமுட்டையை இட்டு, முட்டை மிதந்து அதன் மேற்புறம் சிறு வட்டமாக வெளியே தெரியும் வரையில் உப்பைக் கரைக்கவேண்டும். பின்பு முட்டையை எடுத்துவிட்டு விதையைக் கொட்டினால், பதரும் பாதி நிறைந்த மணியும் மிதக்கும். அவற்றை அகற்றி, அடியில் தங்கிய விதையை உப்பு நீங்க நல்ல நீரில் இரண்டு மூன்று முறை கழுவவேண்டும். விதைக்கு முன் நூறு மணிகளை ஈரச்சாக்கில் சுற்றிவைத்து முளைப்பைச் சோதிப்பதும் அவசியம். சான்று பெற்ற நெல்விதையில் நூற்றுக்கு 80-க்குக் குறையாமல் முளைக்கவேண்டும் என்பது விதி.

விதையை ஒரு நாள், அதாவது 24 மணி நேரம் ஊறவைத்தால் போதும். இடையில் ஒரு முறையேனும் நீரை மாற்றவேண்டும். ஊறல் நீரில் புளித்த வாசனை எழுந்தால், விதை பிராணவாயு இன்றிச் சர்க்கரையைப் புளிக்கச் செய்து வீணாக்குகிறது என்று அறிந்துகொள்ளலாம்.

ஊறிய விதையை நன்றாக வடித்து, சாக்கில் தளர்வாகக் கட்டி, வைக்கோல் போர்த்தி மேலும் 24 மணி நேரம் மூட்டத்தில் வைக்கவேண்டும். விதை சுவாசிப்பதனால் உள்ளே உஷ்ணம் ஏறும். மிதமான உஷ்ணம் நொதிகளின் வேலையை விரைவுபடுத்தும். 42 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்டால் கருவுக்குத் தீங்கு. கையை மூட்டத்தினுள் விட்டால் பொறுக்க முடியாத சூடு தோன்றுமாயின், உடனே கலைத்துப் புரட்டி நீர் தெளிக்கவேண்டும். முளைவேர் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் எட்டிப் பார்க்கும் பதமே விதைப்புக்குத் தக்கது. மழையினாலோ ஆள் கிடைக்காமையினாலோ விதைப்பு தாமதமானால், விதையை மூட்டத்திலேயே விட்டுவைக்காமல் நிழலில் மெல்லியதாகப் பரப்பிவைப்பது நலம். நீண்டு பின்னிக்கொண்ட முளைகள் விதைக்கும்போது ஒடியும். ஒடிந்த முளைக்குச் செலவான சர்க்கரை திரும்ப வராது.

சேற்று விதைப்பில் நிலத்தின் மட்டமே முதன்மையானது. மேடு பள்ளமான வயலில் மேட்டுக்கு நீர் காட்டுவதற்குள் பள்ளத்து விதை மூழ்கிவிடும். விதைக்கும் சமயம் மெல்லிய படலமாக நீர் இருக்கலாம். 18 முதல் 24 மணி நேரத்துக்குள் அதனை வடித்துவிட்டு, மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரையில் மண் நனையுமளவு மட்டும் நீர் காட்டி, பின்னர் முளையின் உயரத்துக்குத் தக்கபடி சிறிது சிறிதாக உயர்த்தவேண்டும். வயலுக்குள் இடையிடையே சிறு வடிகால் இழுத்துவிட்டால் எதிர்பாராத மழைநீரும் தங்காமல் ஓடும். புழுதி விதைப்பில் விதை இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் ஆழமாகப் போகாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். ஆழம் மிகுந்தால் வெளிச்சத்தை எட்டுவதிலேயே கையிருப்புப் பெரும்பாலும் தீர்ந்து, நாற்று மெலிந்து தோன்றும்.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியவை

ஒரு குடியானவர் தம் வயலில் எவ்வளவு சிரத்தையாக வடிகால் இழுத்தாலும், அந்நீர் போய்ச் சேரவேண்டிய பொது வடிவாய்க்கால் தூர்ந்து கிடக்குமாயின் பயனில்லை. முளைக்கும் விதைக்கு நாட்கணக்கே உயிர்க்கணக்காதலால், வடிவாய்க்கால்களின் அடைப்புக்களை விதைப்புக்கு முன்னதாகவே நீக்கச் செய்வதும், கிராமத்தில் எவ்வயல்கள் என்றைக்கு விதைக்கப்பட்டன என்று குறித்துவைப்பதும் பேருதவியாகும். விதைத்த தேதி தெரிந்தால், மழையின்போது முளை எந்த நிலையிலிருந்தது என்பதை எளிதில் மதிப்பிடலாம்.

நீர் தேங்கிய வயலைப் பார்வையிடுகையில், மேலே பச்சை தெரியவில்லை என்பதை மட்டும் கொண்டு விதைப்பு பொய்த்துவிட்டதென்று முடிவு செய்யலாகாது. வயலின் மேட்டிலும் பள்ளத்திலும் பல இடங்களில் மண்ணோடு சில மணிகளை எடுத்துக் கழுவிப் பார்க்கவேண்டும். வேரின்றி வெண்மையான குழல் மட்டும் நீண்டு, விறைப்பாக, துர்நாற்றமின்றி இருக்குமாயின் அவ்விதை உயிரோடிருக்கிறது. நீரை உடனே வடித்தால் வேர்விட்டுப் பிழைக்கும். ஆயினும் வேரூன்றாத நாற்றாதலால், வடித்த பின்னர் வேகமாக நீர் பாய்ச்சலாகாது. குழல் பழுப்பேறித் துவண்டு, மணி அழுகல் நாற்றத்துடன் நசுங்குமாயின் அது இறந்துபட்டதே. பத்து இடங்களிலும் பெரும்பாலானவை இவ்வாறிருந்தால் மறுவிதைப்பைத் தாமதிப்பதில் பயனில்லை. பிழைத்திருப்பவை பாதிக்கு மேற்பட்டால், வடித்துச் சில நாள் பொறுத்து, இடைவெளி விழுந்த இடங்களை மட்டும் நிரப்பிக்கொள்வது செலவைக் குறைக்கும்.

நீரின் கீழ் முளைக்கும் குணத்தைப் பல ரகங்களில் சேர்க்கும் முயற்சி பல தேசங்களில் நடைபெறுகிறது. எனினும், எந்த ரகத்தின் விதையிலும் மணியொன்றுக்குள்ள முதல் சில மில்லிகிராம் மாப்பொருளே. நிறைந்த மணியைத் தெரிந்தெடுத்தல், பதமறிந்து முளைகட்டுதல், விதைத்த மறுநாளே நீரை வடித்தல் ஆகிய மூன்றையும் தவறாது செய்து வரும் குடியானவர் வயலில் அம்முதல் வீணாகாமல் வேராகவும் இலையாகவும் மாறும். இவற்றுக்கு அதிகப் பணச்செலவு இல்லை. வரும் விதைப்புக்கு முன்பாகவே வயலின் மட்டத்தையும் வடிகாலையும் ஒரு முறை பார்வையிட்டுச் சீர்செய்துகொள்வது யாவருக்கும் நலம் பயக்கும்.